இருவர் அளவு

கடையை மூடி ஒன்பது நாள்.
குஷிரோவில் மூடுபனிக்கு மட்டும் ஓய்வில்லை.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் இருந்த இடத்தில்
ஒரு கப்பல் ஊதும் சத்தம் மட்டும்.

மித்சுரு பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்து
குளிர்பெட்டியைத் திறந்தபடி நின்றான்,
உள்ளேயிருந்து யாரோ சாப்பாடு கேட்டதுபோல.
"இன்றைக்கு நான் சமைக்கிறேன்" என்றான்.

பதினோரு வருஷம்
நெடுஞ்சாலை ஓரத்தில்
இரவு பத்து முதல் காலை ஏழு வரை
கியூடோன் அள்ளிப் போட்ட கை.
அந்த வாசனை வீட்டுக்குள் வரக்கூடாதென்று
சட்டையை வாசலிலேயே கழற்றுவான்.
பதினோரு வருஷம்
நாங்கள் மீன்தான் தின்றோம்.

கடைக்குப் போனவன்
சீவிய மாட்டிறைச்சியும்
நான்கு கிலோ வெங்காயமும் கொண்டுவந்தான்.
"யார் வருகிறார்கள்?" என்றேன்.
பையைப் பார்த்தான்.
அறுபது பேருக்கு அவனுக்குத் தெரியும்.
இரண்டு பேருக்குத் தெரியாது.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
பென்சிலால் வகுத்தான்.
சோயா சாஸ் ஒருவழியாகக் கரண்டிக்குள் இறங்கியது.
மிரினும் சமாதானமானது.
சர்க்கரைக்கு வந்தபோது மீதி விழுந்தது.
'அரை வெங்காயத்தில் முக்கால்' என்று எழுதி
அடித்தான்.

"நாக்கில் வைத்துப் பாரேன்" என்றேன்.
அங்கே யாரும் ருசி பார்ப்பதில்லையாம்.
சாறு பையில் உறைந்து வரும்,
கத்தரித்து ஊற்றினால் முடிந்தது.

பதினோரு வருஷச் சமையல்காரன்
முதல்முறையாக உப்புப் பார்த்தான்.
முகம் சுளித்தான். தண்ணீர் விட்டான்.
மறுபடி. இஞ்சி நறுக்கிப் போட்டான்.
மறுபடி. சாக்கே கொஞ்சம் பானைக்கு,
கொஞ்சம் எனக்கு.

வெங்காயம் பிடிவாதத்தை விட்டுக்
கண்ணாடியாகும் நேரம் பார்த்து
இறைச்சியைப் பிரித்துப் பிரித்துப் போட்டான்,
ஈரத்துணி உலர்த்துகிறவன்போல்
ஒன்றின்மேல் ஒன்று விழாமல்.
ஒரு மூச்சுக்குள் சிவப்பு போய்விட்டது.
நுரையை வழித்தான்.
அந்த ஒரு வழித்தலில்தான்
கை தடுமாறவில்லை.

சோற்றுக்குக்கர் தன் சின்னப் பாட்டைப் பாடி
முடித்துக்கொண்டது.

அவனிடம் நான் சொல்லாத ஒன்று:
நான்காம் வருஷம், பிப்ரவரி.
ஒரு வாரமாக நாங்கள்
ஒருவரையொருவர் தூக்கத்தில்தான் பார்த்திருந்தோம்.
இரவு மூன்றுக்குக் காரை எடுத்துப் போனேன்.
மூக்குவரை முகக்கவசம், புருவம்வரை தொப்பி.
இரண்டு லாரிக்காரர்கள், ஒரு மாணவன்,
கடைக்கோடி இருக்கையில் நான்.
சிறிய கிண்ணம், சாறு அதிகம்.
சீட்டைத் தலை நிமிராமல் வாங்கினான்.
"காத்திருக்க வைத்துவிட்டேன், மன்னிக்கவும்."
வீட்டில் நான் கேட்டறியாத குரல், அவ்வளவு மெத்தென்று.
கேட்காத முட்டை ஒன்றும் தட்டில் வந்தது.
யாருடையதோ தவறி வந்துவிட்டதென்று
அவசரமாக உடைத்து ஊற்றித் தின்றேன்.
அவனுக்கு முன்பே வீடு திரும்பி
தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் மேசை.
கிண்ணத்தை இரு கையாலும் வைத்தான்.
வாய் தானாகத் திறந்தது:
"காத்திருக்க வைத்து..."
நிறுத்திக்கொண்டான். காது சிவந்தது.

சோறு மூழ்கச் சாறு.
ஊறுகாய் இஞ்சி மேலே தூவாமல்
தனிச் சிறுதட்டில், நான் ஒதுக்குவேன் என்று தெரிந்து.
பக்கத்தில் ஒரு முட்டை.

பனிக்குள் கப்பல் இன்னொரு தடவை ஊதியது.

"அன்றைக்கும்" என்றான்,
குச்சிகளைத் துடைத்து என் பக்கம் நகர்த்தியபடி,
"முட்டைக்கு நீ காசு தரவில்லை."

நான் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டேன்.
ஆவி, மூடுபனிக்கு மேல் உபகாரம்.

கணக்கில் எங்கோ பிசகு.
பானையில் இன்னும் எட்டுப் பேருக்கு இருந்தது.
வியாழன்வரை
அதையே தின்றோம்.